சீஸ் பிஸ்கட்டும் 'சேவரி', சந்தேகப் பேர்வழி 'அன்சேவரி': தமிழில் என்னதான் போடுவது?

#1 வரிக்கு_நாற்பது_எழுத்து

வணக்கம். பிரிட்டிஷ் சமையல் போட்டித் தொடர் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது எபிசோடில் ஒரு பெண் சீஸும் ரோஸ்மேரியும் போட்டு பிஸ்கட் சுடுகிறார். நடுவர் ஒன்றைக் கடித்துவிட்டு, 'லவ்லி சேவரி பிஸ்கட்' என்கிறார். நான் 'அருமையான கார பிஸ்கட்' என்று போட்டேன். சரிபார்ப்பவரும் தலையாட்டிவிட்டார். வெளியான மறுநாள் பார்வையாளர் ஒருவர், 'அதில் மிளகாயும் இல்லை, மிளகும் இல்லை, காரம் எங்கிருந்து வந்தது?' என்று எழுதியிருக்கிறார். வேலை கொடுத்தவர் அதை அப்படியே எனக்கு அனுப்பி, கீழே ஒரே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

அதே வாரம் ஒரு துப்பறியும் தொடர். இன்ஸ்பெக்டர் ஒருவனைப் பற்றி, 'ஆன் அன்சேவரி கேரக்டர்' என்கிறார். தூக்கக் கலக்கத்தில் 'சுவையற்ற மனிதர்' என்று அடித்துவிட்டு, நானே சிரித்து அழித்தேன்.

அகராதியைத் திறந்தால் சுவையான, காரசாரமான, நறுமணமுள்ள என்று மூன்று அர்த்தம். மூன்றும் எனக்கு உதவவில்லை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்தச் சொல்லை எங்கே நாக்குக்குச் சொல்கிறார்கள், எங்கே ஆளுக்குச் சொல்கிறார்கள்? அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்.

#2 லெஸ்டர்_கரண்டி

தம்பி, பதினொரு வருஷமாக இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. உங்கள் அகராதியில் இல்லாத நாலாவது அர்த்தம்தான் எங்கள் தினசரி அர்த்தம்: சேவரி என்றால் இனிப்பு இல்லாதது. அவ்வளவுதான். 'ஸ்வீட் ஆர் சேவரி?' என்று கேட்டால், உனக்கு இனிப்புப் பக்கமா மற்றதா என்று கேட்கிறார்கள். ருசியாக இருக்கிறதா இல்லையா என்பது அதில் சேராது. காய்ந்து வறண்டுபோன சீஸ் ஸ்கோன்கூட சேவரிதான்.

நான் சேர்ந்த முதல் டிசம்பரில் நடந்தது. தலைமைச் சமையல்காரம்மா ஒரு பெட்டியைக் காட்டி, 'மின்ஸ் பையையெல்லாம் அடுக்கி வை' என்றார். மின்ஸ் என்றால் கொத்துக்கறி. இந்த ஊர் கடையில் மின்ஸ் கேட்டால் கொத்துக்கறிதான் தருவான். ஆகவே, கறி அடைத்த பண்டம் என்று முடிவுகட்டி, சேவரி மேசையில் சாசேஜ் ரோலுக்குப் பக்கத்தில் நாற்பதையும் வரிசையாக அடுக்கிவிட்டேன். முதல் பையன் ஒன்றைக் கடித்துவிட்டு அதன்மேல் கிரேவி கேட்டான். பிறகுதான் தெரிந்தது, உள்ளே இருப்பது உலர் திராட்சை, ஆப்பிள், சர்க்கரை, பட்டை, கிராம்பு. அந்தக் காலத்தில் அதில் உண்மையிலேயே கறியும் போட்டார்களாம். கறி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. மாட்டுக்கொழுப்பு மட்டும் இன்னும் சில வகைகளில் உண்டு.

இன்னும் இருக்கிறது. 'ஸ்வீட்மீட்' என்றால் மிட்டாய். 'ஸ்வீட்பிரெட்' என்றால் கன்றுக்குட்டியின் கணையம் அல்லது கழுத்துச் சுரப்பி. முதலாவதில் கறி இல்லை, இரண்டாவதில் ரொட்டியும் இல்லை, இனிப்பும் இல்லை. லங்காஷயர் பக்கம் 'சேவரி டக்ஸ்' என்று ஒன்று விற்பார்கள். ஈரலும் மற்ற உள்ளுறுப்பும் அரைத்து உருட்டிச் சுட்டது. வாத்து மருந்துக்குக்கூடக் கிடையாது.

#3 சந்தேகச்சாமி

அப்படியானால் ஆங்கிலேயருக்கு அந்தச் சுவைக்கென்று சொந்தமாக ஒரு வார்த்தையே இல்லை, 'இனிப்பு அல்லாதது' என்று மீதியை ஒரு மூட்டையில் கட்டிவைத்திருக்கிறார்கள். இதற்கு ஒரு இழையா?

#4 பழஞ்சொல்_பித்து

சாமி, மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே போகிறீர்களே.

சேவரி, சேவர் எல்லாம் பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தவை. மூலம் 'சபெரே'. அதற்கு இரண்டு பொருள்: ருசிப்பது, அறிவது. நம் இனத்துக்கே ஹோமோ சேபியன்ஸ் என்று பெயர் வைத்ததும் அந்த வேரிலிருந்துதான். விவரமான ஆளை ஆங்கிலத்தில் 'சாவி' என்கிறார்களே, கப்பல்காரர்கள் போர்த்துகீசிய, ஸ்பானியப் பேச்சிலிருந்து கொண்டுவந்த அந்தச் சொல்லும் அதே குடும்பம். சப்பென்று இருப்பதைச் சொல்லும் 'இன்சிபிட்' கூட அதே வேர்தான், முன்னால் ஒரு 'இல்லை' சேர்ந்திருக்கிறது. சாப்பாட்டுக்கும் சொல்வார்கள், கவிதைக்கும் சொல்வார்கள்.

ருசிக்கும் அறிவுக்கும் உள்ள இந்த உறவு நமக்குப் புதிதில்லை. ரசம், ரசனை, ரசிகர் என்று நாமும் அடுப்பங்கரையிலிருந்து கச்சேரி மேடைவரை ஒரே சொல்லை இழுத்துக்கொண்டு போகிறவர்கள்தான்.

மெனு மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'சேவரி' என்று ஒரு மூலிகையும் இருக்கிறது. அது வேறு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, இதற்குச் சொந்தமில்லை. பிரிட்டிஷ் எழுத்தில் சுவைச் சொல்லுக்கு ஒரு எழுத்து கூடுதலாக வருவதால் குழப்பம் இல்லை. அமெரிக்க எழுத்தில் இரண்டும் ஒன்றேதான். 'விண்டர் சேவரி' என்று பார்த்தால் குளிர்காலப் பலகாரம் என்று போட்டுவிடாதீர்கள்.

#5 பாளை_இங்கிலீஷ்_வாத்தியார்

முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன் என்ற முறையில் ஒரு பழைய வாசலைத் திறக்கிறேன். 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள்.

கண் மங்கிய ஈசாக்கு, மூத்த மகனைக் கூப்பிட்டு வேட்டைக்கறி சமைத்துக் கொண்டுவரச் சொல்கிற இடம் நினைவிருக்கும். அங்கே ஆங்கிலத்தில் 'சேவரி மீட்' என்று வருகிறது. தமிழ் பைபிளில் 'ருசியுள்ள பதார்த்தங்கள்'. அன்றைக்கு சேவரி என்றால் வாய்க்கு ருசியானது, 'மீட்' என்றால் பொதுவாக உணவு. இனிப்புக்கு எதிர் என்ற பேச்சே அங்கே இல்லை. லெஸ்டர் அம்மாவின் ஸ்வீட்மீட் குழப்பத்துக்கும் காரணம் இதுதான், இனிப்பான உணவு என்று மட்டுமே அதற்குப் பொருள்.

நோவா பேழையை விட்டு இறங்கிப் பலி செலுத்தும்போது ஆண்டவர் முகர்ந்தது 'ஸ்வீட் சேவர்'. தமிழில் 'சுகந்த வாசனை'. ஆக, சேவர் என்றால் மணமும்கூட. இன்றைய சமையல் மேசையில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சொற்களும் அங்கே கைகோத்து நிற்பதைக் கவனியுங்கள். மலைப்பிரசங்கத்தில் உப்பு இழப்பதும் சேவர்தான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே 'சாரமற்றுப்போனால்' என்று போட்டார்கள். ருசி, வாசனை, சாரம் என்று ஒரு ஆங்கில வேருக்கு மூன்று தமிழ்ச் சொற்கள். இடம் பார்த்துப் போட்டிருக்கிறார்கள், சப்டைட்டில் தம்பி இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இப்போது அன்சேவரிக்கு வருகிறேன். யோபு புத்தகத்தில், அன்சேவரியானதை உப்பில்லாமல் தின்னமுடியுமா, முட்டையின் வெள்ளைக்கருவில் ருசி உண்டா என்று ஒரு கேள்வி வருகிறது. அங்கே அந்தச் சொல்லுக்குச் சப்பென்றிருப்பது என்றே பொருள், யாருடைய நடத்தையைப் பற்றியும் பேச்சில்லை. நம் ஊர் 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே'தான்.

ஆனால் அதே 17-ஆம் நூற்றாண்டில் பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் நல்ல பிரசங்கத்தை, பக்தியான ஆளை 'சேவரி' என்று புகழ்ந்தார்கள். ஆன்ம மணம் கமழ்கிறவர் என்ற பொருளில். அந்தப் புகழ்ச்சி செத்துப்போய்விட்டது. இன்று ஒரு பாதிரியாரை சேவரி என்றால், அவரை அடுப்பில் வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தமாகும். இகழ்ச்சி மட்டும் பிழைத்துக்கொண்டது. அன்சேவரி கேரக்டர், அன்சேவரி பாஸ்ட், அன்சேவரி டீடெய்ல்ஸ் என்று செய்தித்தாளில் தினமும் பார்க்கலாம்.

#6 வரிக்கு_நாற்பது_எழுத்து

சார், அப்படியானால் மறுப்புச் சொல் உயிரோடு இருக்கிறது, மூலச் சொல்லின் அந்தப் பொருள் இல்லை. விசித்திரமாக இருக்கிறதே.

#7 பாளை_இங்கிலீஷ்_வாத்தியார்

விசித்திரம் என்ன? 'உப்புச்சப்பில்லாத பேச்சு' என்று தினமும் சொல்கிறோம். 'உப்புச்சப்புள்ள பேச்சு' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

#8 சந்தேகச்சாமி

சார், இது நியாயம். இழையை மூடச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

#9 எசன்ஸ்_ஆய்வகம்

நான் சுவையூட்டி தயாரிக்கும் தொழிலில் இருக்கிறேன். எங்கள் துறையிலேயே இந்தச் சொல் ஒரு சுவர். 'ஸ்வீட்' ஆய்வகம் ஒரு பக்கம்: வனிலா, ஸ்ட்ராபெரி, பிஸ்கட், மிட்டாய். 'சேவரி' ஆய்வகம் மறுபக்கம்: சூப், நூடுல்ஸ் மசாலா, சிப்ஸ் தூள். ஸ்வீட்காரர்கள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் புன்னகைப்பார். நாங்கள் ஏறினால் ஜன்னலைத் திறப்பார். வறுத்த வெங்காயமும் கோழியும் சட்டையில் ஒட்டினால் இரண்டு துவைப்புக்கும் போகாது.

நிறையப் பேர் சேவரியும் உமாமியும் ஒன்று என்று எழுதுகிறார்கள். ஒன்றில்லை. உமாமி ஒரு அடிப்படைச் சுவை, நாக்கில் அதற்கென்று உணர்வான் இருக்கிறது. சேவரி ஒரு கூட்டணி: உப்பு, உமாமி, வெங்காயம் பூண்டின் கந்தக வாடை, வறுபட்ட மணம், கொஞ்சம் கொழுப்பு. கறி வாசனையை நாங்கள் கறியிலிருந்து எடுப்பதில்லை. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தையும் சைலோஸ் மாதிரி ஒரு சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கினால் வாணலியில் கறி வறுக்கிற மணம் வந்துவிடும். முதல் தடவை அதைச் செய்தபோது மூடியைத் திறந்ததும் எனக்குப் பசித்தது. நான் சைவம்.

உமாமி கதை தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். டோக்கியோவில் கிகுனாயே இகேடா என்ற வேதியியலாளர் கொம்பு என்னும் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து, 1908-இல் அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். மறு வருடமே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. தக்காளி, சீஸ், கறி, அஸ்பாரகஸ் எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு சுவை ஒளிந்திருக்கிறது, கவனித்தால் பிடிபடும் என்பது அவர் வாதம். அவர் 1901-இல் கொஞ்ச நாள் லண்டனில் தங்கியிருந்தார். நாவலாசிரியர் நட்சுமே சோசெகி இருந்த அதே விடுதி வீட்டில். பிரிட்டிஷ்காரர்கள் மாட்டுக்கறிச் சாறும் சீஸும் தின்பதைப் பார்த்துத்தான் அவருக்குப் பொறி தட்டியது என்று கதை கட்ட எனக்கும் ஆசை, ஆனால் அப்படி ஆதாரம் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்தது. இனிப்பை உணரும் உணர்வானில் இரண்டு பாதி: டி1ஆர்2, டி1ஆர்3. உமாமியை உணர்வதிலும் இரண்டு பாதி: டி1ஆர்1, டி1ஆர்3. கவனித்தீர்களா? ஒரு பாதி இரண்டுக்கும் பொது. ஆங்கில மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் ஸ்வீட்டும் சேவரியும் நாக்கில் ஒட்டிப்பிறந்த அண்ணன் தம்பி.

#10 சந்தேகச்சாமி

அப்படியென்றால் கெட்ச்அப் எந்தப் பக்கம்?

#11 எசன்ஸ்_ஆய்வகம்

கெட்ச்அப்தான் இரட்டைக் குடியுரிமைக்காரர். வழக்கமான கெட்ச்அப்பில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஆனாலும் யாரும் அதை ஸ்வீட் அலமாரியில் வைக்கமாட்டார்கள். சர்க்கரை அளவை வைத்து இந்தப் பிரிவு நடக்கவில்லை, எதோடு தின்கிறோம் என்பதை வைத்து நடக்கிறது.

#12 பழஞ்சொல்_பித்து

எதோடு தின்கிறோம் என்பதோடு எப்போது தின்கிறோம் என்பதையும் சேர்க்கவேண்டும். விக்டோரியா காலத்துப் பெரிய வீட்டு விருந்தில் 'தி சேவரி' என்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. எங்கே? இனிப்புக்குப் பிறகு! புட்டிங் முடிந்ததும், வாயை மாற்றுவதற்குச் சின்னதாக உப்பாக ஒன்று: ரொட்டியில் உருக்கிய சீஸ் ஊற்றிய வெல்ஷ் ரேர்பிட், முட்டையும் நெத்திலி மாதிரி ஆன்சோவி மீனும் வைத்த ஸ்காட்ச் உட்காக். உட்காக் என்பது ஒரு பறவை. வழக்கம்போல அந்தப் பறவை தட்டில் இருக்காது. சிப்பியைப் பன்றிக்கறியில் சுற்றிச் சுட்டால் 'குதிரைமேல் தேவதைகள்'. உலர்ந்த பிளம் பழத்தைச் சுற்றினால் 'குதிரைமேல் பிசாசுகள்'. இனிப்பான பழம், ஆனாலும் அதுவும் சேவரி. கடைசியில் வந்ததே காரணம்.

அந்த மேசையில் 'ஜென்டில்மேன்ஸ் ரெலிஷ்' என்ற ஆன்சோவி விழுதும் இருக்கும், 1828-இல் உருவானது. 'ரெலிஷ்' என்றால் தொட்டுக்கொள்ளும் பொருள். அதே சொல் வினையாக மாறினால் ஒன்றை ரசித்து அனுபவிப்பது. மூலத்தில் அதன் பொருள் 'மீந்திருப்பது', அதாவது விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்பது. 1837-இல் லீ அண்ட் பெரின்ஸ் விற்கத் தொடங்கிய வூஸ்டர் சாஸில் ஆன்சோவியும் இருக்கிறது, நம் புளியும் இருக்கிறது. இகேடா பெயர் வைப்பதற்கு எழுபது வருடம் முன்பே பாட்டிலில் அடைத்து விற்றாகிவிட்டது. பெயர்தான் இல்லை.

#13 கொக்குவில்_லண்டன்

ஓம், நல்ல கதை போகுது. நானும் வாறன்.

எங்கட ஊரில் சேவரிக்குச் சொல்லே தேவைப்படவில்லை. 'சோட் ஈட்ஸ்' (ஷார்ட் ஈட்ஸ்) என்றால் முடிந்தது. ரோல்ஸ், கட்லட், பற்றிஸ், மீன் பணிஸ். இலங்கை ஆங்கிலம் கண்டுபிடித்த அருமையான சொல். இங்கே வந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். நான் உயரம் குறைந்தவன் என்பதால் ஏதோ பகிடி விடுகிறேன் என்று நினைத்து அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள்.

மார்மைட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? பியர் வடித்து மிஞ்சும் ஈஸ்ட்டில் செய்கிற கறுத்தக் களி, 1902-இல் பர்டன் ஊரில் தொடங்கியது. 'லவ் இட் ஆர் ஹேட் இட்' என்று விளம்பரம் போட்டதில் அந்தப் பெயரே உவமையாகிவிட்டது. ஒரு அரசியல்வாதியை 'மார்மைட் ஆள்' என்றால், அவருக்கு உயிரைக் கொடுப்பவர்களும் உண்டு, அவரைக் கண்டால் முகத்தைத் திருப்புபவர்களும் உண்டு, நடுவில் யாரும் இல்லை. இப்போது அகராதியிலும் இருக்கிறது. எங்கட வீட்டில் அது உவமையும் இல்லை, சண்டையும் இல்லை. காய்ச்சல் வந்தால் அம்மா சுடுதண்ணியில் ஒரு கரண்டி கரைத்துத் தேசிக்காய் பிழிந்து தருவா. 1934-35 மலேரியாக் காலத்தில் இலங்கையில் சத்தில்லாமல் வாடிய சனத்துக்கு மார்மைட் கொடுத்திருக்கிறார்கள். எங்கட ஆட்களுக்கு அது மருந்து அலமாரிச் சாமான்.

இன்னொன்று. இங்கே நான் ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். சேவரி என்பது எனக்கு வரிச் சொல். பிரிட்டனில் சாப்பாட்டுச் சாமான் பெரும்பாலானதுக்கு வாட் வரி பூச்சியம். ஆனால் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: உருளைக்கிழங்குச் சிப்ஸும் அதுபோன்றவையும், 'தானியத்தை உப்பவைத்துச் செய்த சேவரி உணவுப் பொருட்களும்' அந்தச் சலுகைக்கு வெளியே. 20 சதவீதம். பாராளுமன்றமே எழுதிய சேவரி! 2024-இல் இதே பிரிவில் ஒரு சிப்ஸ் நிறுவனத்தின் குட்டிப் பப்படம் தீர்ப்பாயத்துக்குப் போனது. உளுந்தில் செய்த பப்படம் மாதிரி இல்லை, உருளைக்கிழங்குச் சாமான் கணிசமாக இருக்கிறது, ஆகவே சிப்ஸ் இனம்தான், வரி கட்டு என்று தீர்ப்பு.

#14 பழஞ்சொல்_பித்து

அண்ணா, அந்தப் 'பாப்படம்' ஆங்கிலத்துக்குத் தமிழ் பப்படத்திலிருந்து போனது என்றே ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. நம் பண்டம், லண்டன் தீர்ப்பாயத்தில் தன் சாதிச் சான்றிதழுக்கு நின்றிருக்கிறது.

இதே வரிசையில் இன்னொன்று. 'மல்லிகடானி' சூப், நம் மிளகுத்தண்ணி. கம்பெனி ஆட்சியில் மதராஸ் ராஜதானியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு அதனாலேயே 'மல்ஸ்' என்று பட்டப்பெயர். வங்காளத்துக்காரர்கள் 'க்வை ஹை', பம்பாய்க்காரர்கள் 'டக்ஸ்'. 1886-இல் யூலும் பர்னெலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இருக்கிறது. ஒரு சுவை ஆளுக்குப் பெயராவது என்றால் இதைவிட நேரடியாகக் காட்டமுடியாது. ரசம் குடித்தவன் ரசமாகவே ஆகிவிட்டான்.

யாராவது 'கரி ஃபேவர்' என்ற மரபுத்தொடரைக் கொண்டுவந்து, அதுவும் நம் கறி என்று சொல்வதற்கு முன்னால் தடுத்துவிடுகிறேன். அது குதிரையின் உடம்பைத் தேய்த்துவிடுவதைச் சொல்லும் ஆங்கிலக் 'கரி'. ஃபாவெல் என்ற கதைக்குதிரையைத் தடவிக்கொடுத்துக் காரியம் சாதிப்பது. குழம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

#15 நியூஜெர்சி_அப்பா

அமெரிக்கப் பக்கத்திலிருந்து. இங்கே சேவரி என்ற சொல்லை பேச்சில் அவ்வளவாகக் கேட்கமுடியாது. மெனு கார்டிலும் சமையல் நிகழ்ச்சியிலும் உண்டு. வீட்டில் 'ஸ்வீட் ஆர் சால்ட்டி' என்றுதான் கேட்பார்கள்.

உருவகத்துக்கு வந்தால் உப்பும் கறியும்தான் இங்கே அரசாள்கின்றன. என் பையனுக்கு வயது 15. கேமில் தோற்ற சிநேகிதனை 'ஹீ இஸ் சோ சால்ட்டி' என்றான். நான் வியர்வை என்று நினைத்தேன். தோற்ற கடுப்பில் மூஞ்சியைத் தூக்கிவைத்திருக்கிறான் என்று அர்த்தமாம். 'ஜம்ப் சால்ட்டி' என்று கறுப்பின மக்களின் பேச்சில் 1930-களிலேயே இருந்திருக்கிறது, கேம் பிள்ளைகள் கண்டுபிடித்ததில்லை. 2014-இல் அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டி இதை 'நிலைக்கும் வாய்ப்பு அதிகமுள்ள சொல்' என்று தேர்ந்தெடுத்தது. நிலைத்தும்விட்டது. ஆனால் மாலுமி பேச்சை சால்ட்டி என்றால் பச்சையான பேச்சு. நல்ல மனிதரை 'சால்ட் ஆஃப் தி எர்த்' என்றால் வாத்தியார் சொன்ன அதே மலைப்பிரசங்கம். ஒரே உப்பு, மூன்று விதமான ஆட்கள்.

கறியும் அப்படித்தான். 'மீட்டி ரோல்' என்றால் நடிப்பதற்குத் தீனி உள்ள பாத்திரம். 'ஐ ஹாவ் எ பீஃப் வித் ஹிம்' என்றால் எனக்கும் அவனுக்கும் ஒரு கணக்கு பாக்கி. 1984-இல் ஒரு பர்கர் விளம்பரத்தில் ஒரு பாட்டி பெரிய பன்னைத் திறந்து பார்த்து 'வேர்ஸ் தி பீஃப்?' என்று கேட்பார். அதே வருடம் ஜனாதிபதி வேட்பாளர் போட்டி விவாதத்தில் வால்ட்டர் மாண்டேல், கேரி ஹார்ட்டின் 'புதிய யோசனைகளை'ப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். சரக்கு எங்கே என்று. நாமும் 'சரக்கு இருக்கா' என்போம், ஆனால் அது கறி இல்லை.

கவனித்தால் ஒன்று தெரியும். கறியும் மாடும் கனம், வலிமை. பன்றியும் பாலாடைக்கட்டியும் கேலி. மிகையாக நடித்தால் 'ஹாம்', அசட்டுத்தனமான காதல் வசனம் 'சீஸி', மீன் என்றால் சந்தேகம், 'ஃபிஷி'. விலைக்குத் தகுந்த மரியாதையோ என்னவோ.

#16 லெஸ்டர்_கரண்டி

'சாஸி'யை விட்டுவிட்டீர்களே. இங்கே துடுக்காகப் பேசும் பெண்ணுக்கு அதுதான் பெயர். அமெரிக்கப் பிள்ளைகள் சொல்லும் 'சாஸ்ஸி'யும் அதிலிருந்து திரிந்ததுதான்.

#17 பழஞ்சொல்_பித்து

அக்கா, சாஸ் என்ற சொல்லே 'உப்பிட்டது' என்ற லத்தீனிலிருந்து வந்தது. சாசேஜ், சாலட், சல்சா எல்லாம் அதே உப்பு மூட்டைதான். சாலரியும் உப்பிலிருந்து வந்த சொல்தான், ஆனால் ரோமானியச் சிப்பாய்க்கு உப்பையே சம்பளமாக அளந்து கொடுத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதற்குப் பழைய ஆதாரம் எதுவும் கிடையாது. நம் 'சம்பளம்' சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்தது என்ற கதையும் கூடவே வரும். அதற்குள் இங்கே இறங்கவேண்டாம், இழை தாங்காது.

#18 வரிக்கு_நாற்பது_எழுத்து

எல்லாருக்கும் நன்றி. இப்போது வேலைக்கு வருகிறேன். பிஸ்கட்டுக்கு என்ன போடுவது? நான் காரம் என்று போட்டதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. நம் ஊர் மிட்டாய்க்கடைப் பலகையில் 'ஸ்வீட்ஸ் அண்ட் சேவரீஸ்' என்று எழுதியிருக்கும், அதே கடையில் போய் 'இனிப்பு அரைக் கிலோ, காரம் அரைக் கிலோ' என்போம். ஓமப்பொடியில் என்ன பெரிய உறைப்பு? காராசேவில் உண்டு, தட்டையில் கொஞ்சம், ரிப்பன் பக்கோடாவில் இருந்தும் இல்லாமலும். ஆனாலும் எல்லாம் காரம். மூட்டை கட்டுவதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை, சாமி.

#19 சந்தேகச்சாமி

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் 'காரம்' பெயர்ச்சொல்லாக இருக்கும்வரைதான் அப்படி. 'கொஞ்சம் காரம் வாங்கிட்டு வா' என்றால் மிக்சர். 'கார பிஸ்கட்' என்று முன்னால் போட்டு ஒட்டிவிட்டால் நாக்கு மிளகாயை எதிர்பார்க்கும். உங்கள் பார்வையாளர் கேட்டது சரிதான்.

#20 எசன்ஸ்_ஆய்வகம்

'உப்பு பிஸ்கட்' என்று போட்டுவிடுங்கள். பெட்டிக்கடையில் அந்தப் பெயரில்தான் கேட்கிறார்கள். சீஸ் சுவை வேண்டுமானால் 'சீஸ் போட்ட உப்பு பிஸ்கட்'. உமாமி என்று மட்டும் எழுதாதீர்கள், நடுவர் அதைச் சொல்லவில்லை.

#21 பாளை_இங்கிலீஷ்_வாத்தியார்

அன்சேவரி ஆளை மறந்துவிடக்கூடாது. அந்தச் சொல்லின் தந்திரம் இதுதான்: ஒரு குற்றமும் சொல்லாமல் மூக்கை மட்டும் சுளிப்பது. திருடன், ரவுடி, பெண்பித்தன் என்று சொன்னால் நிரூபிக்கவேண்டும். அன்சேவரி என்றால் யாரும் வழக்குப் போடமுடியாது. அதனால்தான் பத்திரிகையாளருக்கும் போலீஸுக்கும் அது பிடித்த சொல். 'அயோக்கியன்' என்று போட்டால் இன்ஸ்பெக்டர் சொல்லாததைச் சொல்லவைத்ததாகும்.

'சேவர்ஸ் ஆஃப்' என்று ஒரு பிரயோகமும் வரும், ஒன்றில் இன்னொன்றின் சாயல் தெரிவது. அதற்கு நமக்கு ஆயத்தமாகச் சொல் இருக்கிறது: 'அந்த அறிக்கையில் அரசியல் வாடை அடிக்கிறது'.

#22 லெஸ்டர்_கரண்டி

ஆளுக்கு 'ஒரு மாதிரி' போடுங்கள் தம்பி. 'ஆள் ஒரு மாதிரி' என்று எங்கள் அம்மா சொன்னால் போதும். அந்த வீட்டுக்குப் போகமாட்டோம், காரணமும் கேட்கமாட்டோம்.

#23 கொக்குவில்_லண்டன்

அதுதான் சரி. நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம். குரலைக் கொஞ்சம் பதித்துச் சொல்லவேணும்.

#24 வரிக்கு_நாற்பது_எழுத்து

'அவன் ஆள் ஒரு மாதிரி, சார்.' நாற்பதுக்குள் அடங்கிவிட்டது. பிஸ்கட்டையும் 'அருமையான உப்பு பிஸ்கட்' என்று திருத்தி அனுப்பிவிட்டேன். இந்த முறை கேள்விக்குறி வரவில்லை, கட்டைவிரல் வந்தது.

அடுத்த எபிசோடைத் திறந்தேன். அதே நடுவர் ஒரு வறுத்த முந்திரியைத் தின்றுவிட்டு 'வெரி மோரிஷ்' என்கிறார். தனி இழை ஆரம்பிக்கவா?

#25 லெஸ்டர்_கரண்டி

வேண்டாம். 'தின்னத் தொடங்கினால் கை நிற்காது' என்று போடுங்கள். எழுத்து மிஞ்சினால் 'வெரி'யை விட்டுவிடுங்கள்.